மண்ணெண்ணெயில் ஓடிய நாங்கள்

சீனன்குடாவில் பிரித்தானியர் அமைத்த 99 எண்ணெய்க் குதங்கள். 2022 இல் நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, அவற்றின் அயலில் வாழும் எமது பெண்களும் நின்றார்கள். கணவரை யுத்தத்தில் இழந்து, முச்சக்கரவண்டியோட்டிப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் சகோதரியொருவர் அண்மையில் கேட்டார்:

“மின்சார வண்டியாம், மிஸ். நம்பிக் கடன்படலாமோ?”

மாற்று எரிபொருள் எமக்குப் புதிதல்ல. 1990களின் பொருளாதாரத் தடையில், யாழ்ப்பாணத்துக் கார்கள் சில துளி பெற்றோலில் இயங்கத் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் புகை கக்கின, இயந்திரமும் பழுதானது.

2001 இல் பெங்களூரில் வெளிவந்த ‘ரேவா’ மின்சாரக் காருக்கோ புகையே இல்லை. வீட்டு மின்சாரத்தில் மின்னேற்றினால் ஏறக்குறைய 80 கிலோமீற்றர் ஓடியது. பெற்றோல் முச்சக்கரவண்டியையும் இன்று மின்சாரத்துக்கு மாற்றலாம்.

ஆனால் சகோதரிகளே, மின்கலம் காலப்போக்கில் வலுவிழக்கும். அதன் விலையையும் உத்தரவாதக் காலத்தையும் எழுத்தில் பெற்ற பின்பே கையொப்பமிடுங்கள்.