மூச்சுமிகையும் காகிதப் பையும்

திருநின்றவூர் ரயில் நிலையத்தில், தேர்வெழுதப் புறப்பட்ட மாணவி ஒருத்திக்குத் திடீரென மூச்சு விரைகிறது. விரல்கள் மரத்து மடங்குகின்றன எனக் கொள்வோம். காகிதப் பைக்குள் மூச்சுவிடச் செய்யுமாறு கூட்டத்தில் எவரேனும் கூறுவர். அச்சத்தால் மூச்சு மிகும்போது குருதியில் கரியமிலவாயு குறைந்து காரத்தன்மை கூடுகிறது. மரமரப்பும் தலைச்சுற்றலும் அதன் விளைவுகளே. வெளிவிட்ட காற்றையே மீண்டும் இழுத்தால் அவ்வாயு குருதிக்குத் திரும்பும் என்பது பழைய கணக்கு. ஆனால் பைக்குள் உயிர்வளியும் குறையுமே! உயிர்வளி இணைக்கப்படாத முகமூடியும் அத்தகையதே. மாரடைப்பும் ஆஸ்துமாவும்கூட மூச்சை இவ்வாறே விரையச் செய்யும். உயிர்வளிக் குறைவோ இதயக் கோளாறோ உடையவர்களுக்குப் பை வைத்ததால் நேர்ந்த மூன்று இறப்புகளை அமெரிக்க மருத்துவர் மைக்கேல் காலஹாம் 1989இல் எடுத்துரைத்தார். எனவே பை வேண்டா. அமரவைத்து, ஆறுதல் கூறி, மூச்சை மெல்ல வெளிவிடச் சொல்லலாம். மார்புவலி, இளைப்பு, உதடு நீலம் பாரித்தல் ஆகியவற்றுள் ஒன்று தென்படினும், தணியாவிடினும், உடனே 108ஐ அழைக்க வேண்டும்.