கஞ்சி கொடுத்த கை



1658-இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர், திருப்பலி தடைசெய்யப்பட்டது. குருவின் முகத்தையே காணாத ஒரு தலைமுறை வளர்ந்துவிட்ட வேளையில், 1687-இல், கோவாவைச் சேர்ந்த 36 வயதுக் குருவானவர் ஒருவர் கூலியாளின் கோலத்தில் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து வந்தார். அவரே புனித யோசப் வாஸ் அடிகளார்.

அந்நிய மண்ணில் அவரது முதல் நாட்கள் எவ்வாறிருந்தன? போதித்தாரா? திருமுழுக்குக் கொடுத்தாரா? இல்லை. வயிற்றுளைவு கண்டு, எழுந்து நிற்கவும் வலுவின்றிக் கிடந்தார். அவ்வூர்ப் பெண்ணொருத்தி இரங்கிக் கொடுத்த கஞ்சியே அவரது உயிரைத் தாங்கியது. கொடுக்க வந்தவர் முதலில் பெற்றுக்கொண்டார்!

நலம்பெற்றபின், கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அதைக் கண்டு எவருடைய முகம் மலர்ந்ததோ, அங்கே மறைந்து வாழ்ந்த விசுவாசத்தைக் கண்டுகொண்டார்.

2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக உயர்த்தினார். கஞ்சி கொடுத்த பெண்ணுக்கோ பீடமில்லை. ஆயினும் இத்தீவில் அவர் நிறைவேற்றிய ஒவ்வொரு திருப்பலியிலும் அவளுக்குப் பங்குண்டு.

வெள்ளவத்தையில் வாடகை அறையில் தனித்திருக்கும் இளைஞன், கொட்டாஞ்சேனை ஆலயத்தில் கடைசி வாங்கில் கூச்சத்துடன் அமரும் புதிய குடும்பம்: இவர்களும் புது மண்ணின் முதல் நாட்களைக் கடப்பவர்களே. அந்நியரை ஏற்றோமா, நோயுற்றோரைக் கவனித்தோமா என்பதே இறுதித் தீர்வையில் ஆண்டவர் நம்மிடம் கேட்கும் கணக்கு (மத்தேயு 25). இவ்வாரம் அவர்களில் ஒருவரிடமாவது, "சாப்பிட்டீர்களா?" என்று கேட்போமா?