தலையில் பேனா? மறைக்க வேண்டாம்

கோடை விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கினால் ரொம்மனில் எங்கள் வீடுகளிலும் தலை சொறிதல் தொடங்கிவிடும். இலையுதிர் காலத்தில் பிள்ளைகளின் தலையைப் பார்க்கும்படி நோர்வே பொதுச் சுகாதார நிறுவனமும் பெற்றோரைக் கேட்கிறது.

பேன் அழுக்கால் வருவதில்லை. அது பாய்வதும் இல்லை, பறப்பதும் இல்லை; தலையோடு தலை முட்டும்போது ஊர்ந்து போகிறது. தலையை விட்டு விழுந்தால் ஓரிரு நாளில் செத்துவிடும். ஆகவே வீடு முழுவதையும் கழுவிக் களைக்கத் தேவையில்லை.

ஈரத்தலையில் கொண்டிஷனர் பூசி, பேன் சீப்பால் அடிமயிரிலிருந்து வாருங்கள். உயிருள்ள பேன் அகப்பட்டால் மட்டும் மருந்து வையுங்கள். டைமெத்திக்கோன் உள்ள மருந்து அப்போதெக்கில் மருத்துவரின் துண்டு இல்லாமலே கிடைக்கும். ஈர் பொரிக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் செல்லும். அதனால் பெட்டியில் உள்ளபடி இரண்டாம் முறையும் வைக்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

ஊரில் சிலர் மண்ணெண்ணெய் பூசினார்கள். இங்கே அந்த வேலை வேண்டவே வேண்டாம். தோல் புண்ணாகும், தீயும் பற்றும்.

மருந்து வைத்ததும் பிள்ளை பாடசாலை போகலாம். ஆனால் வகுப்புப் பெற்றோருக்கும், வார இறுதித் தமிழ் வகுப்பில் பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் அம்மாவுக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நாங்கள் வெட்கப்பட்டு மறைத்தால் அதே பேன் அடுத்த கிழமை திரும்பி வரும்.