படிப்பகத்தில் ஒரு கணிப்பொறி!

வண்டியோட்டியின் மகன் ஐ.ஐ.டி.யில் நுழையக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பயிற்சி மையத்தின் கட்டணம் சொல்கிறது!

தமிழகம் 2007-08 கல்வியாண்டு முதல் பொறியியல் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வை ஒழித்தது. ஐ.ஐ.டி.யின் வாயிலிலோ ஜே.இ.இ. நிற்கிறது. முதற்கட்டத் தேர்வின் 300 மதிப்பெண்ணில் கணிதத்துக்கு 100, கேள்விகள் 25. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறினால் ஒன்று பறிபோகும். வினாத்தாள் 2021 முதல் தமிழிலும் உண்டு.

பயிற்சி? மத்திய கல்வி அமைச்சகமும் கான்பூர் ஐ.ஐ.டி.யும் 2023-இல் ‘சாத்தி’ என்னும் இணையவழிப் பயிற்சியைத் தொடங்கின. கட்டணமில்லை. புரியாத கணக்கை நிறுத்தி நாலு தடவை பார்க்கலாம். “இதுகூடத் தெரியாதா?” என்று எள்ளி நகையாட அங்கே ஆளில்லை.

ஆனால் தோழர்களே, வேகம் மாணவன் கையில். இடமும் நேரமும் யார் கையில்? வீட்டில் ஒரே அறை. ஒரே கைப்பேசி, அதுவும் காலையில் தகப்பனோடு வேலைக்குப் போய்விடுகிறது. பாடம் இலவசம்; படிக்க மூலையில்லை!

எழுத்தறியாத தோழனுக்கு ஏடு படித்துக் காட்டியவை நம் படிப்பகங்கள். அங்கே ஒரு கணிப்பொறி, இணைய இணைப்பு, இரவு பத்து மணி வரை விளக்கு, வாரம் ஒரு மாலை கணக்காசிரியர் ஒருவர், நம்மால் முடியாதா?

நுழைவுத் தேர்வை எதிர்த்து முழங்குவோம். அது ஒழியும்வரை, நம் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பமாட்டோம்!