கட்-ஆஃப் ரெடி... கல்லூரி எது? அட்வான்ஸ் கட்டும் முன் இதைப் படிங்க பெற்றோரே!

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கே போன் அடிக்கத் தொடங்கிவிடும். "சார், உங்க பொண்ணுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் ரெடி. இந்த வாரத்துக்குள்ள அட்வான்ஸ் கட்டிட்டா போதும்!" எதிர்முனையில் பேசுபவர் யாரென்றே தெரியாது. ஆனாலும், 'சீட் போய்விடுமோ' என்ற பயத்தில் நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் குடும்பங்கள் உண்டு. அந்த அவசரத்தால் இழப்பது அட்வான்ஸ் தொகையை மட்டும் அல்ல.

கவுன்சலிங் வரை பொறுங்கள்

தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புகளுக்கான கலந்தாய்வை தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆன்லைனில் நடத்துகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்படுகிறது.

6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5% உள் ஒதுக்கீடு உண்டு. இதில் சேருபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகையும் உண்டு. இவையெல்லாம் கலந்தாய்வு வழியாகச் சேருபவர்களுக்குத்தான். அவசரப்பட்டு மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிட்டால், இந்தச் சலுகைகள் கைவிட்டுப் போகும்.

'சர்ட்டிஃபிகேட்டைக் கொடுத்துட்டுப் போங்க' என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் தங்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி 2018-லேயே அறிவித்திருக்கிறது.

பட்டியலில்தான் சூட்சுமம்

கலந்தாய்வில் எத்தனை கல்லூரிகளை வேண்டுமானாலும் விருப்பப் பட்டியலில் சேர்க்கலாம். முக்கியமானது, அவற்றின் வரிசை. பலர் செய்யும் தவறு, 'கண்டிப்பாகக் கிடைக்கும்' என்று நினைக்கும் கல்லூரியை முதலில் போடுவது. மேலிருந்து கீழாகப் பார்க்கும்போது உங்கள் ரேங்க்குக்கு முதலில் எந்த இடம் காலியாக இருக்கிறதோ, அதுதான் ஒதுக்கப்படும். மகள் ஆசைப்பட்ட கல்லூரி ஐந்தாவதாக இருந்தால், அங்கே இடம் இருந்தாலும் கிடைக்காது!

அதனால், கிடைக்குமா என்ற கணக்கை ஒதுக்கிவிட்டு, ஆசைப்பட்ட வரிசையிலேயே போடுங்கள். முந்தைய ஆண்டுகளில் எந்தக் கட்-ஆஃப் வரை இடம் கிடைத்தது என்பதைப் பார்த்து, பட்டியலின் கடைசியில் பாதுகாப்பான சில கல்லூரிகளைச் சேர்த்தால் போதும். ஒரே மாதிரிப் பெயர் கொண்ட கல்லூரிகள் இருப்பதால், கல்லூரியின் குறியீட்டு எண்ணையும் சரிபாருங்கள்.

இடம் ஒதுக்கப்பட்ட பிறகும் வாய்ப்பு இருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டபடியே, பட்டியலில் அதற்கு மேலே உள்ள இடங்களுக்குக் காத்திருக்கலாம். ஆனால், குறிப்பிட்ட தேதிக்குள் ஆன்லைனில் உறுதிசெய்யத் தவறினால் சிக்கல்தான்.

நேரில் போய்ப் பாருங்கள்

கல்லூரி விழா நாளில் போகாதீர்கள். சாதாரண வேலைநாளில், பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போங்கள். கேன்டீனில், பஸ் ஸ்டாப்பில் நிற்கும் மாணவர்களிடம் பேசினால் உண்மை தெரியும்.

* லேப் தினமும் நடக்கிறதா?
* பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் பாதியில் மாறுகிறார்களா?
* பஸ், ஹாஸ்டல், இதர கட்டணங்கள் சேர்த்து வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு?
* '100% பிளேஸ்மென்ட்' என்றால், பிள்ளை சேரவிருக்கும் துறையில் எத்தனை பேருக்கு, என்ன சம்பளத்தில் வேலை கிடைத்தது?

தரச்சான்றிலும் ஒரு விஷயம் உண்டு. நாக் அங்கீகாரம் கல்லூரிக்குத் தரப்படுவது, என்.பி.ஏ அங்கீகாரம் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. எனவே, 'என்.பி.ஏ இருக்கு' என்றால், எந்தப் பிரிவுக்கு என்று கேளுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரி வாரியான தேர்ச்சி விகிதத்தையும் பாருங்கள்.

பிள்ளையின் கையில் கொடுங்கள்

அப்பாவுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ், மாமாவுக்கு சென்னைக் கல்லூரி, பக்கத்து வீட்டுக்காரருக்கு பெரிய கட்டடம் என ஆளுக்கொரு ஆசை இருக்கும். முதலில், பிள்ளையையே தனியாக ஒரு பேப்பரில் பத்துக் கல்லூரிகளை எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் 'ஏன்?' என்று கேளுங்கள். குடும்பத்தால் எவ்வளவு கட்ட முடியும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 17 வயதுப் பிள்ளைக்கு அது புரியும்.

பிறகு, இருவரும் சேர்ந்து பட்டியலை முடிவு செய்யுங்கள். நான்கு வருடம் அந்த வகுப்பில் உட்காரப்போவது பிள்ளைதான். போனில் பேசிய புரோக்கர் அல்ல!