இடம் மாறிய மெய்நிகர் கணினியும் திறக்காத கணக்கும்

மெய்நிகர் கணினியின் வட்டு உண்மையில் ஒரு கோப்புதான். விண்டோஸோ லினக்ஸோ, நிரல்களும் தரவும் அதற்குள் அடங்கிவிடுவதால், நகலெடுத்து வேறொரு தளத்தில் இயக்கலாம். 2023 நவம்பரில் மெய்நிகர் கணினித் தள நிறுவனமான விஎம்வேரை வாங்கிய பிராட்காம், அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்தியது. அதன்பின் பல அலுவலகங்கள் ப்ராக்ஸ்மாக்ஸ், ஹைப்பர்-வி போன்ற தளங்களுக்கு மாறத் தொடங்கின. மாறிய கையோடு எழும் புகார், "பாஸ்வேர்டு ஏற்கவில்லை" என்பது.

உள்ளூர்க் கணக்கின் கடவுச்சொல் பதிவு வட்டிலேயே இருக்கிறது. லினக்ஸில் 'ஷேடோ' கோப்பில், விண்டோஸில் 'சாம்' கோப்பில். வட்டு பழுதின்றி வந்தால் அதுவும் வந்துவிடும். எடுத்த எடுப்பில் கடவுச்சொல்லை மாற்றுவது பெரும்பாலும் வீண் வேலை.

இந்தியாவில் முதலில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். வன்பொருள் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் ஓடுவதாகவே விண்டோஸ் வழக்கமாக எடுத்துக்கொள்ளும். புதிய தளம் உலகப் பொதுநேரத்தைக் கொடுத்தால், வடலூரில் காலை 10 மணிக்கு அலுவலகம் திறக்கும்போது கணினிக்குள் விடிகாலை 4:30 ஆக இருக்கும். அலுவலகத்தின் மைய சர்வரில் உள்ள டொமைன் கணக்குகளைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை வழக்கமாக 5 நிமிட வித்தியாசத்தைத்தான் பொறுக்கும். ஐந்தரை மணி நேரத்தை எங்கே பொறுக்கப் போகிறது! தளத்தின் அமைப்பில் உள்ளூர் நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

அடுத்தது நெட்வொர்க். கார்டு மாறியதும் பழைய ஐபி முகவரி பழைய கார்டோடு நின்றுவிடும். டொமைன் சர்வர் எட்டாது. அப்போது கைகொடுப்பது உள்ளூர் நிர்வாகிக் கணக்கு. பெயருக்கு முன் புள்ளியும் பின்சாய்கோடும் இட்டு நுழையலாம். விண்டோஸ் அந்தக் கணக்கை முடக்கி வைத்திருப்பதும் உண்டு என்பதால், மாற்றத்துக்கு முன்பே சோதிப்பது நல்லது.

சில வேளை விசைப்பலகையே காரணமாக இருக்கும். அமெரிக்க அமைப்பு பிரிட்டிஷ் அமைப்பானால் '@' குறியும் இரட்டை மேற்கோளும் இடம் மாறிவிடும். பயனர்பெயர்க் கட்டத்தில் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மேகத் தளங்களில் எஸ்.எஸ்.எச். வழி நுழைய பல லினக்ஸ் கணினிகள் சாவிக் கோப்பை மட்டுமே ஏற்கும். கடவுச்சொல் சரியாக இருந்தும் பயனில்லை.

விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கத்தால் பூட்டிய வட்டுதான் கடினமானது. புதிய தளத்தின் பாதுகாப்புச் சில்லு வேறாக இருப்பதால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லாவிட்டால் தரவு போனதுதான். புறப்படும் முன் பிட்லாக்கரை இடைநிறுத்தி, அந்த எண்ணையும் வேறோர் இடத்தில் எழுதி வைக்க வேண்டும்.