இன்கா பாதைக்கு வீவக படிக்கட்டில் பயிற்சி

புக்கிட் தீமா குன்றின் உயரம் ஏறத்தாழ 164 மீட்டர். பெரு நாட்டில் மச்சு பிச்சுவுக்குச் செல்லும் இன்கா மலைப்பாதையின் மிக உயர்ந்த கணவாயோ 4,215 மீட்டர். ‘இறந்த பெண்ணின் கணவாய்’ என்பது அதன் பெயர். அஞ்ச வேண்டாம், தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பெண் படுத்திருப்பதுபோல் தெரியும் என்பார்கள், அவ்வளவுதான்.

நான்கு நாள்களில் ஏறத்தாழ 43 கிலோமீட்டர் நடை. வழியெங்கும் இன்கா காலத்துக் கற்படிகள். கால்களைத் தயார்செய்ய மலை இல்லையே என்று சிங்கப்பூரில் யாரும் சாக்குச் சொல்ல முடியாது. வீவக புளோக்கின் படிக்கட்டு போதும். ஆறேழு கிலோ பையை மாட்டிக்கொண்டு ஏறுங்கள். மின்தூக்கியில் வராமல் நடந்தே இறங்குங்கள். முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். புதுக் காலணியையும் இங்கேயே சில வாரம் போட்டு நடந்து பழக்கிவிடுங்கள்.

உயரத்துக்குத்தான் இங்கே பயிற்சி எடுக்க வழியில்லை. அந்தக் கணவாயில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ 60 விழுக்காடு மட்டுமே. பள்ளி ஓட்டப்பந்தய வெற்றியாளரையும் மலைநோய் விட்டுவைக்காது. அதனால், ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்திலுள்ள குஸ்கோ நகரில் இரண்டு மூன்று நாள் தங்கி உடலைப் பழக்க வேண்டும். செலவைக் குறைக்க மாணவர்கள் முதலில் வெட்ட நினைப்பது இந்த நாள்களைத்தான். வேறு எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள், இதில் வேண்டாம். ஆஸ்துமா போன்றவை இருந்தால் புறப்படுமுன் மருத்துவரைப் பாருங்கள். மலையில் தலைவலியோ குமட்டலோ வந்தால், நண்பர்கள் கேலி செய்வார்களே என்று மறைக்காமல் வழிகாட்டியிடம் சொல்லுங்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்கியாக வேண்டும்.

நாளொன்றுக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. வழிகாட்டிகளும் சுமைதூக்குவோரும் அதில் அடக்கம். பிப்ரவரியில் பாதை மூடப்படும். நம் பல்கலைக்கழக விடுமுறை வரும் ஜூன், ஜூலை அங்கே மழை குறைந்த காலம் என்பதால் போட்டி அதிகம். பல மாதங்களுக்கு முன்பே உரிமம் பெற்ற நிறுவனம் வழியாகப் பதிவுசெய்ய வேண்டும். அனுமதிச் சீட்டில் கடப்பிதழ் எண் இருக்கும். கடைசி நேரத்தில் ஒருவர் வராவிட்டால் வேறொருவரை அழைத்துப்போக முடியாது.

பை கட்டும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கூடாரத்தையும் உணவையும் சுமப்பவர்களில் பலர் கெச்சுவா மொழி பேசும் மலைக்கிராமத்தினர். ஒருவர் மீது 20 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்கிறது பெரு நாட்டுச் சட்டம். நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அவர்களுக்கு என்ன சம்பளம், எங்கே உறங்குகிறார்கள் என்று கேளுங்கள். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று நீங்கள் திணிக்கும் மூன்றாவது ஜீன்ஸ் அவர்கள் முதுகில்தான் மலையேறும்.